அழுகைக்குத் துணை வரும் ஊர்

ஆரி ஆஸ்டர் இயக்கி 2019-ல் வந்த 'மிட்சோமார்' படத்தில் நாயகி டானி அழும் காட்சிகளில் மூன்று முக்கியமானவை. (படம் பார்க்காதவர்கள் கவனிக்க: கதை முழுவதையும் இங்கே உடைக்கப்போகிறேன்.) முதலாவது, பெற்றோரும் உடன்பிறந்தவளும் ஒரே இரவில் இறந்துபோன செய்தி வந்ததும். காதலன் கிறிஸ்டியனின் மடியில் விழுந்து, மனிதக் குரலா என்று சந்தேகம் வரும்படி அலறுகிறாள். அவன் அணைத்துக்கொண்டிருக்கிறான், பார்வை மட்டும் எங்கேயோ இருக்கிறது. இரண்டாவது, சில மாதம் கழித்து. நண்பன் ஒருவன் துக்கம் விசாரித்ததும் எழுந்து குளியலறைக்கு ஓடுகிறாள். அவள் நுழைவது அமெரிக்காவில் ஒரு வீட்டின் குளியலறைக்குள்; அடுத்த நொடி அவள் விம்மிக்கொண்டிருப்பது விமானத்தின் கழிப்பறைக்குள். இடையில் என்ன நடந்தது என்று படம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதிருக்கிறாள் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

மூன்றாவது, ஸ்வீடனில் ஹோர்கா என்ற கற்பனைக் கிராமத்தில். சாவித் துவாரம் வழியாகக் காதலனை இன்னொருத்தியோடு பார்த்துவிட்டு ஓடிவருகிறாள். ஊர்ப் பெண்கள் பின்னாலேயே வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். யாரும் "அழாதே" என்று சொல்வதில்லை. அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சோடு மூச்சு வைத்து, அவள் அலறினால் அலறி, விம்மினால் விம்மி, எல்லோரும் சேர்ந்து அழுகிறார்கள்.

வெளிநாட்டு விமர்சனங்கள் பலவற்றில் இந்தக் காட்சி விசித்திரம் என்றோ உச்சக்கட்டக் கிறுக்கு என்றோ வரும். பெங்களூரில் நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்தபோது, மதுரைப் பக்கத்துத் தோழி ஒருத்தி, "இது எங்க அப்பத்தா செத்த வீடு மாதிரியே இருக்கு" என்றாள். சரிதான். தோளில் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் விசித்திரம் எதுவும் இல்லை. நம்மைப் பயமுறுத்துவது வேறொன்று: அந்தக் கூட்டம் விருந்துக்கு வந்தவர்களைப் பலியிடும் கொலைகாரக் கூட்டம் என்று நமக்குத் தெரியும், இருந்தும் டானிக்குக் கிடைக்க வேண்டியது இப்போதுதான் கிடைத்தது என்று மனம் சமாதானம் அடைகிறது.

ஃபோக் ஹாரர் (நாட்டார் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் சுற்றி அமையும் திகில்) என்று அழைக்கப்படும் படங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. தொடக்கத்தில் இப்படி இல்லை. 1968-ல் 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்', 1971-ல் 'தி பிளட் ஆன் சேட்டன்ஸ் க்ளா', 1973-ல் 'தி விக்கர் மேன்' என்று பிரிட்டனில் வந்த மூன்று படங்களை இந்த வகையின் அடித்தளமாகச் சொல்வது வழக்கம். 2010-ல் பிரிட்டிஷ் நடிகரும் எழுத்தாளருமான மார்க் கேட்டிஸ் பிபிசி-யில் நடத்திய திகில் பட வரலாற்றுத் தொடர்தான் இந்த மூன்றையும் ஒரே பெயரின் கீழ் பரவலாக அறியவைத்தது. ஒதுக்குப்புறமான நிலம், அங்கே தனியாக ஒரு நம்பிக்கை, வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொள்ளும் ஆள் என்ற சட்டகம் இவற்றிலிருந்து வந்ததே.

'தி விக்கர் மேன்' படத்தில் காணாமல்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு வருகிறார் போலீஸ் சார்ஜென்ட் ஹோவி. தீவினர் பழைய தெய்வங்களை வணங்குகிறார்கள். விளைச்சல் பொய்த்துவிட்டது, பலி வேண்டும். இதில் எல்லோரும் கடைசித் தீயைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் வரும் ஓர் உரையாடல். அந்தப் 'பழைய' மதத்தை மறுபடி கொண்டுவந்தவர் தீவின் தற்போதைய பிரபுவின் தாத்தா. புதுப் பழரகங்களை வளர்க்கும் திட்டத்தோடு தீவை வாங்கியவர், ஜனங்களை வேலை வாங்குவதற்கு அவர்களுடைய பழைய சாமிகளைத் திருப்பிக் கொடுத்தார். அதாவது சடங்கு ஒரு நிர்வாக ஏற்பாடு. எரியப்போகிற நேரத்தில் ஹோவி அதைப் பிடித்துக்கொண்டுதான் பிரபுவைப் பார்த்துக் கத்துகிறார்: அடுத்த வருடமும் பழம் காய்க்காவிட்டால் பலி நீதான். அந்தப் படத்தில் துக்கம் என்று எதுவும் கிடையாது. ஹோவி யாரையும் இழந்து வரவில்லை. தீவு அவரை ஏமாற்றி வரவழைக்கிறது, அவ்வளவுதான்.

துக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. லார்ஸ் வான் ட்ரையரின் 'ஆன்டிகிறைஸ்ட்' (2009) குழந்தையை இழந்த கணவன் மனைவியைக் காட்டுக் குடிசைக்குக் கொண்டுபோகிறது. கணவன் மனநல சிகிச்சையாளன்; மனைவியின் துக்கத்தைத் தானே குணப்படுத்திவிடலாம் என்று கிளம்புகிறான். அந்தத் திமிரிலேயே படம் பாதி முடிந்துவிடுகிறது. ராபர்ட் எகர்ஸின் 'தி விட்ச்' (2015) 1630-களின் நியூ இங்கிலாந்தில் நடக்கிறது. சமயக் கருத்து வேறுபாட்டால் ஊர்விலக்கு ஆன குடும்பம், காட்டோரம் தனிவீடு, காணாமல்போகும் கைக்குழந்தை. சூனியக்காரியைவிட அங்கே எனக்கு நினைவில் நிற்பது ஒரு வெள்ளிக் கோப்பை. மனைவிக்கு அவள் தந்தை கொடுத்தது. கணவன் அதைச் சொல்லாமல் விற்று வேட்டைப் பொறி வாங்கிவிடுகிறான். பழி மகள் தாமசின் மேல் விழும்போது வாய் திறக்காமல் நிற்கிறான். வீடு உடைவது அங்கே. பிசாசு வந்து சேர்வது அதற்கப்புறம். ஐஸ்லாந்திலிருந்து 2021-ல் வந்த 'லாம்ப்' பிள்ளையை இழந்த தம்பதி ஆட்டுக்குப் பிறந்த அதிசயக் குட்டியைத் தங்கள் குழந்தையாக வளர்ப்பதைச் சொல்கிறது; நிதானமான படம், எல்லோருக்கும் பொறுமை இருக்காது.

ஏன் துக்கம்? திரைக்கதை வசதி ஒரு காரணம். இழவு விழுந்த ஆளுக்கு வினோதமான ஒன்று நடந்தால், அது உண்மையா மனக்கலக்கமா என்று படத்தின் பாதிவரை இழுக்கலாம். ஆனால் அதைவிட வலுவான காரணம், கூட்டங்கள் ஆள் பிடிப்பதே அப்படித்தான் என்பது. திடமாக இருப்பவனிடம் யாரும் வருவதில்லை. சாவு, விவாகரத்து, வேலை போனது, புது ஊர் என்று பிடி தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் அன்பாகப் பேச ஒருவர் வருவார். ஆஸ்டரின் முதல் படமான 'ஹெரெடிட்டரி' (2018) இதைக் குரூரமான துல்லியத்தோடு காட்டுகிறது. தாயை இழந்த ஆனி, துக்கத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசும் குழுவுக்குப் போகிறாள். பின்னர் மகளும் விபத்தில் செத்துப்போகிறாள். அந்தக் குழுவுக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு ஜோன் என்ற பெண்மணி கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடிக்கிறாள். கனிவான பேச்சு, வீட்டுக்கு அழைப்பு, செத்தவர்களோடு பேசலாம் என்ற ஆசை வார்த்தை. ஆனியின் கணவன் ஸ்டீவ் நல்லவன், ஆனால் களைத்துப்போனவன். ஜோன் கொடுக்கும் காதை அவனால் கொடுக்க முடியவில்லை. தன் தாயின் பழைய ஆல்பத்தில் அந்த ஜோன் சிரித்துக்கொண்டிருப்பதை ஆனி பார்ப்பதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது.

இதெல்லாம் சினிமாவில்தான் என்று ஒதுக்கவும் முடியாது. 'ஹெரெடிட்டரி' அமெரிக்காவில் வெளியான அதே கோடையில், 2018 ஜூலை 1 அன்று, டெல்லி புராரியில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்து கிடந்தார்கள். பதினோரு ஆண்டுகளாக எழுதப்பட்ட நோட்டுப் புத்தகங்கள் போலீஸுக்குக் கிடைத்தன. காலமான குடும்பத் தலைவர் தன் மூலம் பேசுவதாக ஒரு மகன் நம்பினார், வீடே அவரை நம்பியது, கட்டளைகள் எழுத்தில் வந்தன. அன்றைய சடங்கு முடிந்ததும் எல்லோரும் உயிரோடு எழுந்து வருவோம் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. சாவு அவர்கள் நோக்கமில்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. நெரிசலான தெரு, கடை நடத்துகிற குடும்பம், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபோக் ஹாரருக்கு ஒதுக்குப்புறத் தீவு வேண்டும் என்பது பிரிட்டிஷ் இயக்குநர்களின் கணக்கு. ஒரு தகப்பனின் சாவும் சாத்திய கதவும் போதும்.

மறுபடி டானியிடம் வருவோம், ஏனென்றால் காதல் முறிவை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய திகில் படம் வேறில்லை. கிறிஸ்டியன் வில்லன் கிடையாது. ஒரு வருடமாகவே அவன் பிரிந்துவிட நினைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் அவள் குடும்பமே போய்விட்டது. இனி விட்டால் ஊர் காறித்துப்பும். எனவே விடவும் இல்லை, இருக்கவும் இல்லை. ஸ்வீடன் பயணத்தை அவளிடம் சொல்லவே இல்லை. தெரிந்துபோனதும் அழைக்கிறான், எப்படியும் வரமாட்டாள் என்று நண்பர்களைச் சமாதானப்படுத்துகிறான். எத்தனை வருடமாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்க, மூன்றரை என்கிறான். நான்கு என்று அவள் திருத்துகிறாள். பிறந்தநாளை மறந்துவிடுகிறான், யாரோ ஞாபகப்படுத்தியபின் ஒரு கேக் துண்டில் மெழுகுவர்த்தியைக் குத்திக் கொண்டுவருகிறான், அதுவும் பற்ற மறுக்கிறது. டானி என்ன செய்கிறாள் என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு சண்டையிலும் கடைசியில் மன்னிப்பு கேட்பவள் அவள். நான் ரொம்பத் தொல்லை கொடுக்கிறேனோ என்று தோழியிடம் போனில் புலம்புகிறாள். துக்கத்தில் இருப்பவளே எதிராளி சலித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை.

இந்த இடைவெளியில்தான் பெல்லே நுழைகிறான். ஹோர்காவிலிருந்து வந்த நண்பன். தானும் சிறு வயதில் பெற்றோரை இழந்தவன், ஆனால் ஊர் தன்னைத் தாங்கிக்கொண்டது என்கிறான். கிறிஸ்டியனிடம் உனக்கு அந்தத் தாங்கல் கிடைக்கிறதா என்று டானியைக் கேட்கிறான். ஆள் பிடிப்பவனின் கேள்விதான். ஆனால் நியாயமான கேள்வியும்கூட. கூட்டம் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் படத்துக்கு வேலையே இல்லை.

பெங்களூரில் இருக்கும் நமக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். ஸ்ரீராமபுரத்திலோ அல்சூர்ப் பக்கமோ இழவு விழுந்தால் தெருவுக்கே தெரியும். சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி இறக்கி, தமட்டை அடித்து, கல்பள்ளி மயானத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒயிட்ஃபீல்டு அடுக்ககத்தில் என்றால் வாட்ஸாப் குழுவில் நாற்பது 'ஓம் சாந்தி' வரும். ஐஸ் பெட்டியை எந்த லிஃப்டில் ஏற்றுவது என்று அசோசியேஷன்காரர் கவலைப்படுவார். பெரும்பாலும் சாவு இங்கே நடப்பதும் இல்லை. ஊரிலிருந்து போன் வரும், மடிவாளாவில் ராத்திரி பஸ் பிடிப்பார்கள், பதினாறை மூன்றாம் நாளிலேயே சேர்த்து முடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்வார்கள். அப்புறம் துக்கம் முழுவதும் இரண்டு படுக்கையறை வீட்டில் கூட இருக்கும் அந்த ஒரே ஆளின் தலையில். பெரியம்மா, அத்தை, எதிர்வீட்டு அக்கா, பங்காளிகள் எல்லோரும் பங்குபோட்டுச் செய்த வேலையை ஒரு கணவனோ மனைவியோ தனியாகச் செய்ய வேண்டும். முடியாது. கிறிஸ்டியன் சோம்பேறிதான், ஆனால் அவனைவிட நல்லவனாலும் முடிந்திருக்காது.

துக்கம் காப்பது தனிமனித உணர்ச்சி தானாகப் பொங்குவது அல்ல, குழு விதிக்கும் கடமை என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கேம் 1912-ல் எழுதினார். ஒப்பாரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். புதிதாக ஒருத்தி உள்ளே வந்ததும் வட்டம் விரிந்து அவளைச் சேர்த்துக்கொள்ளும், அழுகை உச்சத்துக்குப் போகும், இரண்டு நிமிடத்தில் அடங்கும், மூக்கைச் சிந்திவிட்டு "பஸ்ஸு உடனே கிடைச்சுதா? காப்பி குடிச்சியா?" என்று விசாரிப்பார்கள்; அடுத்தவள் வந்ததும் மறுபடி தொடங்கும். போலித்தனம் என்று நகரத்துப் பிள்ளைகள் முணுமுணுப்பதுண்டு. போலி கிடையாது, முறை வைத்துச் செய்கிறார்கள். இன்னொன்று, செத்தவரைச் சாக்கு வைத்துப் பெண்கள் தங்கள் சொந்தக் குறையையும் பாடிவிடுவார்கள். புருஷன் சரியில்லாதது, நாத்தனார் பேசியது, அண்ணன் சீர் செய்யாதது, எல்லாம். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகும், அன்று சொன்னால் பாட்டு. டானிக்கு ஹோர்காவில் நடந்ததும் அதேதான்: அவள் அழுதது காதலனின் துரோகத்துக்கு மட்டுமல்ல, சவ அடக்கத்தில் அழ விடுபட்டதற்கும் சேர்த்து.

அப்படியானால் ஹோர்காவுக்கும் நம் சடங்குக்கும் என்ன வித்தியாசம்? பெங்களூரிலேயே பதில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமியை ஒட்டி, திகளரப்பேட்டை தர்மராய சுவாமி கோயிலில் கரகம் புறப்படும். நடத்துபவர்கள் தமிழ் வேர்கொண்ட திகளர் சமூகத்தார், தோட்டக்கலையில் பேர்போனவர்கள். கரகம் திரௌபதி. அதைச் சுமக்கும் பூசாரி பெண் கோலத்தில், வளையலும் மல்லிகையுமாக, தலையில் உயர்ந்து நிற்கும் கரகத்தைக் கையால் பிடிக்காமல் நடுராத்திரிக்குமேல் கிளம்பி விடியும்வரை பழைய பேட்டைகளைச் சுற்றுவார். காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று போவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள், "கோவிந்தா கோவிந்தா" முழக்கம். கரகம் சரிந்தால் அந்த வாள்கள் அவர்மேல்தான் பாயும் என்று சொல்வார்கள். அவருடைய மனைவி தாலியையும் வளையலையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, திருவிழா முடியும்வரை அவர் கண்ணில் படாமல் இருப்பது வழக்கம்.

இதை மட்டும் ஒரு வெளிநாட்டு இயக்குநரிடம் சொன்னால் மறுநாளே திரைக்கதை வரும். கத்தி, பெண் கோலம், நடு இரவு, பிரித்துவைக்கப்பட்ட மனைவி என்று அத்தனையும் இருக்கிறது. கதையின் மூலமும் பிரிவுத் துயரமே: அசுரனை அழிக்கத் திரௌபதி படைத்த வீரகுமாரர்கள், அவள் மேலுலகம் போகும்போது போகாதே என்று கெஞ்சினார்களாம், வருடத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாளாம். ஆனால் அந்த ராத்திரி அங்கே போய் நின்றால் அப்பாக்களின் தோளில் குழந்தைகள், பஜ்ஜிக் கடை, செல்போன் வெளிச்சம். யாரும் பயப்படுவதில்லை. விடிந்தால் கரகம் இறங்கும், விழா முடிந்தால் தாலி மனைவிக்குத் திரும்பும், திரௌபதி போய்விடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒப்பாரிக்குப் பதினாறாம் நாள்போல இதற்கும் முடிகிற நாள் உண்டு. ஹோர்காவில் அழ வந்தவள் திரும்பிப் போவதற்கு நாள் குறிக்கவில்லை. ஜோனும் குறிக்கவில்லை. புராரி நோட்டுப் புத்தகங்களில் கட்டளைகள் பதினோரு ஆண்டு ஓடின.

இதை வைத்து நம் ஊர் ஒசத்தி என்று கிளம்பிவிட வேண்டாம். பதினாறாம் நாளில்தான் எத்தனையோ பெண்களுக்குத் தாலி அறுத்தார்கள். அந்தச் சடங்கின் முடிவு அவர்களுக்கு ஆறுதலாக முடியவில்லை. 'மிட்சோமார்' படத்தில் 72 வயதானவர்கள் பாறையிலிருந்து குதிப்பதைப் பார்த்து அரங்கு உறைந்துபோகும். ஸ்காண்டிநேவியாவில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரமில்லை, பழங்கதைகளில் இருந்து வந்தது என்பதே ஆய்வாளர்கள் கருத்து. முதியவர்களை வீட்டாரே சாகவைக்கும் விருதுநகர் வட்டாரத்துத் தலைக்கூத்தல் கதையில்லை. விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், அடுத்தடுத்து இளநீர், காய்ச்சல், சில நாளில் காரியம் முடிந்துவிடும். 'பாரம்' (2018), 'கேடி என்கிற கருப்புதுரை' (2019) இரண்டும் இதைச் சொன்னவை. இரண்டாவதில் வீட்டார் பேசுவதைக் கேட்டுவிட்டுக் கிழவர் ஓடிப்போகிறார். யாரும் அவற்றைத் திகில் படம் என்று விற்கவில்லை.

நம் நாட்டார் தெய்வங்களில் பலர் அநியாயமாகச் செத்தவர்கள். ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. அண்ணன் வீட்டில் ஒருவேளைச் சோறு கிடைத்திருந்தால் அந்தக் கோயில் இருந்திருக்காது. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் சமூகத்துப் பெண் எப்படிச் சாமி ஆனாள் என்று சொல்கிறது. அங்கே பூதம் தேவையில்லை. சாதியே ஊரை ஒன்றாகக் கட்டி வைத்துக் கொல்ல அனுப்புகிறது. தமிழில் ஒரிஜினலான ஃபோக் ஹாரர் வருவதாக இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன். கான்வென்ட் பேய்களும் பங்களாப் பேய்களும் போதும். கன்னடத்தில் 'காந்தாரா' (2022) வேறு வழியில் போனது. சடங்கின் நடுவே காட்டுக்குள் மறைந்த தகப்பன், அந்தக் கனவால் தூக்கம் கெட்ட மகன் என்று இழப்பு அங்கேயும் உண்டு. ஆனால் தெய்வம் ஜனங்களின் பக்கம் நிற்கிறது, பயப்பட வேண்டியவர் நிலத்தைப் பிடுங்க வரும் ஜமீன்தார். 'விக்கர் மேன்' பிரபுவின் கையில் அடங்கிய சாமி இந்த ஜமீன்தாரின் கையில் அடங்குவதில்லை.

'மிட்சோமார்' முடிவில் கரடித் தோலுக்குள் வைத்துத் தைக்கப்பட்ட கிறிஸ்டியன் மஞ்சள் கோயிலில் எரிகிறான், டானி சிரிக்கிறாள். அது விடுதலையா, சித்தம் கலங்கியதா என்று தம்பதிகள் சோபாவில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளத் தோதான முடிவு. தன் சொந்தக் காதல் முறிவுக்குப் பின் எழுதிய கதை என்று ஆஸ்டரே சொல்லியிருக்கிறார். அவர் டானியின் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. எனக்கு அந்தச் சிரிப்பில் நிம்மதி வருவதில்லை. அவளுக்கு இப்போது போவதற்கு வேறு வீடு இல்லை, போக வேண்டும் என்று நினைக்கும் மனமும் அவளிடம் விட்டுவைக்கப்படவில்லை. பார்ப்பதாக இருந்தால் தியேட்டரில் ஓடிய 147 நிமிடப் பதிப்பை விட்டு, இயக்குநர் பதிப்பான 171 நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். ஏரிக்கரையில் ஒரு ராத்திரிச் சடங்கும், அதை ஒட்டி இருவருக்கும் நடக்கும் நீண்ட சண்டையும் அதில்தான் இருக்கின்றன. கிறிஸ்டியனுக்குக் கொஞ்சநஞ்சம் இரக்கம் பாக்கியிருந்தால் அந்தச் சண்டையில் போய்விடும்.